பழைய காத்தாடி இறங்கி, பெரிய காத்தாடி ஏறுகிறது: நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: ஆரல்வாய்மொழி பக்கம் எங்களுக்கு 3 ஏக்கர் இருக்கிறது. ஒரு பகுதியில் பிச்சியும் மல்லியும், மிச்சத்தில் வாழையும் தென்னையும். இதன் நடுவில் இருந்த 50 சென்ட்டை அப்பா 1994-ல் ஒரு காற்றாலை கம்பெனிக்கு விற்றார். அதில் 225 கிலோவாட் காத்தாடி இன்னும் நிற்கிறது. அதை இறக்கிவிட்டு 2.1 மெகாவாட் காத்தாடி வைக்கப்போகிறார்களாம்; சுற்றியுள்ள எங்கள் நிலம் முழுவதையும் 30 வருடக் குத்தகைக்குக் கேட்டு புரோக்கர் வருகிறார். எங்கள் வீடு காத்தாடிக்கு நேர் மேற்கே சுமார் 350 மீட்டர். ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்: காத்தாடி வந்த பிறகுதான் மழை குறைந்தது, கிணறு வற்றும், பூ கருகும், இடியை இழுக்கும். காற்று அடிக்கும்போதே பாதிக் காத்தாடி சும்மா நிற்கிறதே, இதில் என்ன வருமானம் என்கிறார் ஒருவர். கையெழுத்துப் போடலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். இப்போது போடாதீர்கள். நிலத்தைக் கொடுக்கலாம், ஆனால் புரோக்கர் கொண்டுவந்த தாளில் கொடுக்க வேண்டாம். உங்கள் ஊரார் பயப்படும் விஷயங்களில் பெரும்பாலானவை உங்களைத் தொடப்போவதில்லை. தொடக்கூடியவை அளவு நாடாவிலும் பத்திரத்திலும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் உங்களிடம் பேசியதாகத் தெரியவில்லை.

முதலில் மழையை முடித்துவிடுவோம். முப்பந்தல், ஆரல்வாய்மொழி, காவல்கிணறு வட்டாரத்தில் காத்தாடி வந்ததற்குக் காரணமே மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குக் கோடியில் இருக்கும் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையேறும்போது ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. கணவாய்க்குள் நெருக்கப்பட்டு வேகமெடுத்துப் பணகுடி, ராதாபுரம் பக்கம் இறங்கும்போது அது காய்ந்த காற்று. மழை குறைவும் காற்று மிகுதியும் ஒரே மலை தந்தவை. காத்தாடி அங்கே பிறகு வந்து சேர்ந்தது. மழை மேகத்தின் அடிப்பகுதி பொதுவாகப் பல நூறு மீட்டர் உயரத்தில் தொடங்கிக் கிலோமீட்டர் கணக்கில் மேலே போகும். உங்கள் பழைய காத்தாடியின் றெக்கை நுனி 44 மீட்டரைத் தாண்டாது. புதியது 180 மீட்டர். இன்னொன்று: கணவாய்க்குக் கிழக்கே மழை முக்கியமாக ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றில் பெய்வது. காத்தாடிகளின் சீசன் வைகாசி முதல் புரட்டாசி வரை. ஐப்பசி மழையைத் துரத்த வேண்டுமானால் அப்போது அவை வேகமாகச் சுற்றவாவது வேண்டுமே!

பூவுக்கும் கிட்டத்தட்ட இதே பதில்தான். பெரிய காத்தாடிக் கூட்டங்களுக்குக் கீழே இரவில் தரைச் சூடு சற்றுக் கூடுவது அமெரிக்காவின் டெக்சாஸில் செயற்கைக்கோள் பதிவுகளில் தெரிந்தது உண்மை. மேலிருக்கும் இளஞ்சூட்டுக் காற்றைச் சுழற்சி கீழே கலக்கிவிடுவதால் அப்படி ஆகிறது. புதிதாகச் சூடு உற்பத்தி ஆவதில்லை. அதன் அளவு ஒரு டிகிரிக்கும் கீழே. பிச்சி மொட்டைக் கருக்க அது போதாது. ஆடியில் வாழை இலை கிழிவதற்கும் காத்தாடியைக் குற்றம் சொல்ல முடியாது. அது காற்றின் வேகத்தைக் கொஞ்சம் உறிஞ்சத்தான் செய்கிறது.

இனி நிலம். 50 சென்ட்டை வாங்கி 30 வருடம் ஓட்டியவர்களுக்கு இப்போது உங்கள் 3 ஏக்கர் எதற்கு?

225 கிலோவாட் ரகத்தின் சுழல் வட்டம் சுமார் 27 மீட்டர் விட்டம். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தலை திரும்பி நிற்பதால், மேலிருந்து பார்த்தால் றெக்கை படக்கூடிய இடம் முழு வட்டம்: 573 சதுர மீட்டர், அதாவது 14 சென்ட். அது 50 சென்ட்டுக்குள் தாராளமாக அடங்கியது. 2.1 மெகாவாட் ரகத்தில் பரவலாக வருவது 120 மீட்டர் விட்டம். வட்டம் 11,310 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 2 ஏக்கர் 80 சென்ட். கம்பெனியின் 50 சென்ட்டைக் கழித்தால் 2 ஏக்கர் 30 சென்ட் அளவுக்கு றெக்கை உங்கள் நிலத்துக்கு மேலே சுற்றும். அதற்கு உங்கள் சம்மதம் தேவை. அதனால்தான் உங்களைத் தேடி வருகிறார்கள்.

ஆனால் தலைக்கு மேல் றெக்கை போவதும், தரையை எடுத்துக்கொள்வதும் ஒன்றல்ல. தூண் உயரம் 120 மீட்டர் என்றால் றெக்கையின் கீழ் நுனி தரையிலிருந்து 60 மீட்டருக்கு மேலேதான் போகும். உங்கள் தென்னை 20, 25 மீட்டர். தரையில் நிரந்தரமாகத் தேவைப்படுவது மிகச் சொற்பம். அஸ்திவாரம் சுமார் 20 மீட்டர் விட்டம், 3 மீட்டர் ஆழம், 8 சென்ட். பழைய அஸ்திவாரம் இந்தப் பாரத்தைத் தாங்காது, பக்கத்தில் புதிதாகத் தோண்டித்தான் ஆக வேண்டும். 5 மீட்டர் அகலப் பாதை 100 மீட்டருக்கு 12 சென்ட். கிரேன் நிற்கும் கெட்டித் தளம் 40-க்கு 30 மீட்டர் என்றால் 30 சென்ட், அதுவும் ஏற்றும்போதும் பெரிய ரிப்பேரின்போதும் மட்டும். எனவே குத்தகையை மூன்றாகப் பிரியுங்கள். முதலாவது, நிரந்தரமாகப் போகும் தரை. இரண்டாவது, வேலை நடக்கும் மாதங்களுக்கு மட்டும் கொடுக்கும் தற்காலிக இடம். மூன்றாவது, மேலே றெக்கை கடக்கும் உரிமை. மூன்றுக்கும் தனித்தனி அளவு, தனித்தனிப் பணம். மூன்றாவது பகுதியில் நீங்கள் பூவும் வாழையும் தென்னையும் வைத்துக்கொள்ளலாம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். "உயரமான மரம் வைக்கக்கூடாது" என்ற வரி பழைய ஒப்பந்தங்களிலிருந்து அப்படியே காப்பி ஆகி வருவதுண்டு. 30 மீட்டர் தூண் காலத்தில் றெக்கை நுனி 17 மீட்டருக்கு இறங்கியது, அப்போது அதற்கு நியாயம் இருந்தது. இப்போது உயர வரம்பு வேண்டும் என்றால் 30 மீட்டர் என்று போடச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் எங்களை நிறுத்தியது அந்த 350 மீட்டர்தான்.

மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2016 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டு தூரங்கள் இருக்கின்றன. சாலை, ரயில் பாதை, கட்டடம், உயர் அழுத்த மின்கம்பி ஆகியவற்றிலிருந்து தூண் உயரம், சுழல் வட்டத்தின் பாதி, அதோடு 5 மீட்டர். உங்கள் விஷயத்தில் 120 + 60 + 5 = 185 மீட்டர். இது விழுந்தால் படாமல் இருப்பதற்கான தூரம். மற்றது சத்தத்துக்கானது: குடியிருக்கும் வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் காத்தாடி வைக்கக்கூடாது. புரோக்கர் "185 போதும் சார், நீங்க 350-ல இருக்கீங்க" என்பார். கட்டடத்துக்கு 185, ஆள் தூங்கும் வீட்டுக்கு 500. பழைய காத்தாடி இதே இடத்தில்தானே நிற்கிறது என்ற வாதம் செல்லாது, ஏனென்றால் வரப்போவது வேறு மிஷின்.

அந்த 500 சும்மா போட்ட எண் அல்ல. பெரிய காத்தாடியில் பிறக்கும் சத்தம் முழு வேகத்தில் 105 டெசிபல் வாக்கில் இருக்கும். 500 மீட்டரில் அது 40, 42-க்கு இறங்கும். 350 மீட்டரில் 44, 45-ல் நிற்கும். குடியிருப்புப் பகுதிக்கு ஒலி மாசு விதிகள் சொல்லும் வரம்பு பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45. ஒரே ஒரு காத்தாடியே உங்களை விளிம்பில் நிறுத்துகிறது. அதே தூரத்தில் இன்னொன்று வந்தால் 3 டெசிபல் கூடும், வரம்பு தாண்டிவிடும். ஆடி மாதப் பேய்க்காற்றில் இது தெரியாது, மரம் போடும் இரைச்சலே பெரிது. தொந்தரவு எப்போது வரும் என்றால், தரையில் காற்று ஓய்ந்து, 120 மீட்டர் உயரத்தில் மட்டும் அடிக்கும் இரவுகளில். அப்போது ஒவ்வொரு றெக்கை இறங்கும்போதும் "உஸ்... உஸ்..." என்று விட்டுவிட்டு வரும் சத்தம், சராசரி டெசிபல் குறைவாக இருந்தாலும் தூக்கத்தைக் கெடுக்கும். மெதுவாகச் சுற்றுவதுபோல்தான் தெரியும். நிமிடத்துக்கு 12 சுற்று. ஆனால் 120 மீட்டர் வட்டத்தின் நுனி அப்போது மணிக்கு 270 கிலோமீட்டரில் போகிறது. சத்தம் பிறப்பது முக்கியமாக அந்த நுனிப் பக்கத்தில்.

இதற்கு மூன்று வழி உண்டு. தூணைக் கிழக்கே 150 மீட்டர் தள்ளுவது முதல் வழி. அவர்களுக்கு அங்கே நிலமோ, பக்கத்துக் காத்தாடிக்கு இடைவெளியோ இல்லாவிட்டால் நடக்காது. றெக்கையின் பின்விளிம்பில் ரம்பப் பல் போன்ற பட்டை ஒட்டிய ரகத்தைக் கேட்பது இரண்டாவது, 2 முதல் 3 டெசிபல் குறையும். இரவு 10 முதல் காலை 6 வரை சுற்று வேகத்தைக் குறைத்து ஓட்டும் அமைப்பு மூன்றாவது. அது பெரும்பாலான நவீன மிஷின்களின் கன்ட்ரோலரில் இருக்கிறது, கொஞ்சம் யூனிட் போகும் என்பதால் தாங்களாகப் போடமாட்டார்கள். தள்ள முடியாது என்று அவர்கள் சொன்னால், பின்னிரண்டும் ஒப்பந்தத்தில் ஏறாமல் பேச்சை நகர்த்தாதீர்கள்.

நிழலும் உண்டு. நீங்கள் நேர் மேற்கே இருப்பதால் காலை வெயிலில் றெக்கை நிழல் வீட்டின் மேல் ஓடும். நம் மாவட்டம் பூமத்திய ரேகைக்கு 8 டிகிரி வடக்கே இருப்பதால் சூரியன் நேர் கிழக்கிலிருந்து இரு பக்கமும் சுமார் 24 டிகிரிக்குள்தான் உதிக்கும். காத்தாடிக்கு வடக்கிலோ தெற்கிலோ வீடு இருப்பவருக்கு இந்தக் கவலையே இல்லை. உங்களுக்கு மார்ச், ஏப்ரலில் சில வாரமும், ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரையும், காலை 7-லிருந்து 8 மணி சுற்றி அறைக்குள் வெளிச்சம் விட்டுவிட்டு மங்கும். செப்டம்பரில் மேல்காற்று அடிப்பதால் வட்டத்தின் முழு முகமும் வீட்டைப் பார்த்தபடி நிற்கும், நிழலும் அப்போதுதான் அகலம். நிமிடத்துக்கு 36 முறை என்பதால் வலிப்பு நோயைத் தூண்டும் வேகம் இல்லை, எரிச்சல் மட்டும்தான். ஜெர்மனியில் வருடத்துக்கு 30 மணி நேரம், ஒரு நாளைக்கு 30 நிமிடம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் மட்டும் மிஷினைத் தானாக நிறுத்தும் சென்சார் அமைப்பைக் கேட்கலாம். கிழக்கு வேலியில் வேம்போ புங்கமோ வளர்ப்பதும் நல்ல வைத்தியம்தான்.

கிணறு விஷயத்தில் பயம் தவறான இடத்தில் இருக்கிறது. 3 மீட்டர் ஆழ அஸ்திவாரம் ஊற்றை அடைக்காது. தண்ணீரைக் கெடுப்பது பாதை. 60 மீட்டர் நீள றெக்கையை ஏற்றிவரும் டிரெய்லருக்காகச் சரளை கொட்டி மேடாக்குவார்கள். குளத்துக்கோ கிணற்றுப் பக்கத்துக்கோ வரும் வரத்துக்கால் குறுக்கே அந்த மேடு விழுந்தால் ஒரு பக்கம் தேங்கும், மறுபக்கம் காயும். நில அளவை வரைபடத்தில் ஓடை, வாய்க்கால் எல்லாவற்றையும் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை அங்குல சிமென்ட் குழாய், எத்தனை வரிசை என்று எழுதி வாங்குங்கள். அடுத்தது மண். நூற்றுக்கணக்கான டன் தூக்கும் கிரேன் நின்ற இடத்தில் மண் இறுகி, வேர் இறங்காது. வாழை வைத்தால் குட்டையாகவே நிற்கும். வேலை தொடங்குமுன் மேல்மண்ணை ஒரு அடிக்கு வழித்துத் தனியே குவிக்க வேண்டும். முடிந்ததும் சரளையை அள்ளி, ஆழ உழவுக் கொழுவால் இரண்டடிக்குக் கீறி, மேல்மண்ணைத் திரும்பப் பரப்ப வேண்டும். அஸ்திவாரக் குழியிலிருந்து வரும் அடிமண்ணை மேலே பரப்பிவிட்டுப் போவதுதான் வழக்கமான கோளாறு.

காற்று அடிக்கும்போது நிற்பதற்கு வருவோம். மின்வாரிய லைனில் மின்சாரம் இல்லையென்றால் காத்தாடி ஓடவே முடியாது. சீசனில் எல்லாரும் ஒரே நேரத்தில் உற்பத்தி செய்யும்போது லைன் தாங்காமலோ, தேவை குறைந்தோ நிறுத்தச் சொல்வதும் உண்டு. மணிக்கு 90 கிலோமீட்டரைக் காற்று தாண்டினால் தானே நின்றுவிடும். பழசுகளில் சில, கியர்பாக்ஸுக்கோ ஜெனரேட்டருக்கோ உதிரி கிடைக்காமல் நிற்பவை. இதையெல்லாம் கழித்த பிறகும் கணக்கைப் பாருங்கள். 225 கிலோவாட் மிஷின் வருடச் சராசரியில் தன் முழுத் திறனில் 18 சதவீதத்துக்கு ஓடினால் சுமார் 3.5 லட்சம் யூனிட். 2.1 மெகாவாட் 30 சதவீதத்தில் 55 லட்சம் யூனிட். திறன் 9 மடங்கு, யூனிட் 15 மடங்கு. உயரத்தில் காற்று வேகம் அதிகம், வேகம் 10 சதவீதம் கூடினால் அதிலுள்ள ஆற்றல் 33 சதவீதம் கூடும். வித்தியாசம் அங்கே வருகிறது. "இதில் வருமானம் இல்லை" என்று ஊரில் பரவினால் லாபம் குத்தகை பேச வருபவருக்குத்தான். அந்த யூனிட் பெரும்பாலும் எங்கோ இருக்கும் நூற்பாலைகளின் கணக்கில் கழியும், உங்கள் வீட்டுக் கட்டணத்தில் ஒரு பைசா குறையாது என்பதையும் தெரிந்துகொண்டே பேசுங்கள்.

அதனால் வாடகையை ஏக்கருக்கு இவ்வளவு என்று மட்டும் முடிக்காதீர்கள். குறைந்தபட்சத் தொகை ஒன்று, அதற்கு மேல் மீட்டரில் பதிவாகும் யூனிட்டில் ஒரு பங்கு, இரண்டில் எது அதிகமோ அது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை உயர்வு. மின்வாரிய மாதாந்தர மீட்டர் அறிக்கையின் நகல் உங்களுக்கு வர வேண்டும்.

பத்திரத்தில் இன்னும் சில. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும். 20 ரூபாய் முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்து போதாது. பொது அதிகாரப் பத்திரம் (பவர்) கேட்டால் கொடுக்காதீர்கள், உட்பிரிவு, மின் இணைப்பு போன்ற வேலைக்குத் தனித்தனியே சம்மதக் கடிதம் கொடுத்தால் நடக்கும். கம்பெனி வங்கிக் கடன் வாங்கும். குத்தகை உரிமையை அடகு வைக்கட்டும், நிலத்தை வைக்கக்கூடாது என்று ஒரு வரி கட்டாயம். காத்தாடிகள் அடிக்கடி கைமாறும். யார் வாங்கினாலும் எல்லா நிபந்தனையும் அவரைக் கட்டுப்படுத்தும் என்பதோடு, மாற்றுவதற்கு 60 நாள் முன்பு உங்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். பட்டா, சிட்டா உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். வருடம் ஒருமுறை வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

இறக்குவது பற்றிப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் வாயைத் திறப்பதில்லை. 1990-களின் மிஷின்கள் வயதாகி, 2024 ஆகஸ்டில் தமிழக அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்ட இந்த நேரத்தில், அது எத்தனை பெரிய ஓட்டை என்று தெரிகிறது. இரும்புத் தூணைப் பழைய இரும்புக்காரர் காசு கொடுத்து எடுத்துப்போவார். றெக்கை கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்தது. உருக்க முடியாது, மக்காது, வாங்க ஆளில்லை. கழற்றிய 90 நாளுக்குள் றெக்கைகளை அப்புறப்படுத்துவது, அஸ்திவாரத்தைத் தரைமட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் வரை உடைத்து எடுப்பது, கேபிளைத் தோண்டி எடுப்பது எல்லாம் வரிவரியாக வர வேண்டும். அதற்கு வாய்ச்சொல் போதாது. உங்கள் பெயரில் வங்கி உத்தரவாதம் வேண்டும், 15-வது வருடத்துக்குள் முழுத் தொகைக்கு.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. இடி: உயரமான தூண் மின்னலை வாங்கும், றெக்கைக்குள் இருக்கும் கம்பி வழியே தரைக்கு இறக்கிவிடும்; வீட்டுக்கு அதனால் ஆபத்து கூடுவதில்லை. ஆனால் இடி நேரத்தில் தூண் அடியில் ஒதுங்காதீர்கள், மாட்டை டிரான்ஸ்பார்மர் வேலியில் கட்டாதீர்கள். புவித்தொடர்புப் (எர்த்) பட்டையைத் திருடர் அறுத்துப்போவதுண்டு. வருடா வருடம் புவித்தொடர்புத் தடை 10 ஓமுக்குள் இருப்பதாகச் சோதனை அறிக்கை கேளுங்கள். எண்ணெய்: தூணில் கறுப்பாக வழிந்த கோடு தெரிந்தால் கியர்பாக்ஸ் சீல் போயிருக்கிறது, மண்ணில் சொட்டுமுன் எழுத்தில் புகார் கொடுங்கள். பறவை: அடிபடுவது உண்மை, குறிப்பாகக் கழுகு, வல்லூறு இனங்களும் வௌவாலும். சுசீந்திரம்–தேரூர் குளங்களுக்கு நெருக்கமான இடம் என்றால் அது தனிப் பேச்சு. உங்கள் ஒரு மிஷினுக்கு அதைக் காரணமாகச் சொல்லி நிறுத்த முடியாது.

இந்த வாரமே செய்ய வேண்டியது: கம்பெனியிடம் எழுத்தில் இரண்டு கேளுங்கள். புதிய தூணின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு உங்கள் வீடு, பம்ப்செட், பக்கத்து வீடுகள் வரை மீட்டர் கணக்கில் தூரம் குறித்த வரைபடம் ஒன்று. அந்த மாடலின் சத்தம், நிழல் கணிப்பு அறிக்கை இன்னொன்று. வரும் ஆனி, ஆடியில், பழைய காத்தாடி ஓடும்போதும் நிற்கும்போதும், இரவு 11 மணிக்கு மேல் படுக்கையறை ஜன்னலில் சத்தத்தை அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். செல்போன் செயலி சாட்சியாகாது, உங்களுக்குத் தெரிந்துகொள்ள உதவும். சாட்சிக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தை வைத்து ஒரு இரவு அளந்தால் போதும். 500 மீட்டருக்குள் தூணை வைத்தே தீருவோம் என்றால், குழி தோண்டுவதற்கு முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும், திங்கள்கிழமை நாகர்கோவிலில் ஆட்சியர் நடத்தும் குறைதீர் நாளிலும் மனு கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு கொடுக்கும் மனு பெரும்பாலும் நஷ்டஈடு பேசத்தான் உதவும், தூணை நகர்த்தாது.